விக்டோரியா தெருவின் சின்னக் கதவு

நம் குடியிருப்பில் சிங்கப்பூரில் மகனோ மகளோ இருக்கும் வீடுகளை எண்ணினால் இரண்டு கை விரல்கள் போதாது. போய் வந்தவர்கள் கைப்பேசியில் காட்டும் படங்களில் தண்ணீர் துப்பும் சிங்கம் இருக்கும், முஸ்தபா கடை இருக்கும். பெரும்பாலும் ஒரு வெள்ளைக் கட்டடமும் இருக்கும். உயர்ந்த கோபுரத்தோடு ஒரு தேவாலயம், நடுவில் புல்வெளி, சுற்றிலும் சாப்பாட்டுக் கடைகள். பெயர் சைம்ஸ். கிரேஸி ரிச் ஏஷியன்ஸ் என்ற படத்தில் மணப்பெண் தண்ணீரில் நடந்து வருவாளே, அந்தக் கல்யாணக் காட்சியை அங்கேதான் எடுத்தார்கள். மாலை நேரத்தில் விளக்கு போட்டதும் அழகாகத்தான் இருக்கிறது. காப்பி விலையை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள்.

அடுத்த முறை போகும்போது கடைகளை விட்டுவிட்டு மதில் ஓரமாகக் கொஞ்சம் நடந்து பாருங்கள். விக்டோரியா தெருவும் பிராஸ் பாசா சாலையும் சேரும் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. ஆள் நுழைவதற்கே குனிய வேண்டும் போல் இருக்கும். அதன் பெயர் நம்பிக்கைக் கதவு. அந்த வாசலில் கூடையிலும் கந்தல் துணியிலும் வைத்துவிட்டுப் போன குழந்தைகளை எடுத்து வளர்த்த கன்னியாஸ்திரி மடம்தான் இன்றைய சைம்ஸ். அந்த மடத்தையும் பள்ளியையும் தொடங்கிய பெண்மணி மதர் மத்தில்டு ராக்லோ. பினாங்கு, சிங்கப்பூர், ஜப்பான் என்று தீவு தீவாகப் பள்ளி வைத்தவர். சிங்கப்பூரிலும் ஜப்பானிலும் அவர் பெயர் தெரிந்தவர்கள் ஏராளம். இங்கே நமக்குத்தான் தெரியாது.

வரலாறு படித்தவன் இல்லை நான். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். கிறித்தவனும் இல்லை. இந்த அம்மையாரைப் பற்றி எனக்கென்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். காரணம் என் அத்தை.

எங்கள் பூர்வீகம் பூம்புகார் பக்கம். என் தாத்தா அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போய் ஒரு கிட்டங்கியில் கிராணி வேலை பார்த்தார். கிராணி என்றால் கிளார்க்தான். ஆக, பரம்பரைத் தொழில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தை பிறந்தது பினாங்கில். அங்கே லைட் ஸ்ட்ரீட் கான்வென்டில் மூன்றாம் வகுப்பு வரை படித்தார். யுத்தம் வரப்போகிறது என்ற பேச்சு வந்ததும், 1940இல் பாட்டியையும் அத்தையையும் ரஜூலா கப்பலில் ஊருக்கு அனுப்பிவிட்டார் தாத்தா. ஊரில் பெண்பிள்ளை மூன்று மைல் நடந்துபோய்ப் படிப்பதா என்று கேட்டார்கள். படிப்பு அத்தோடு நின்றது. 15 வயதில் கல்யாணம். பிறகு நாற்று, களை, அறுப்பு, மாடு, பிள்ளைகள் என்று ஒரு ஆயுசு.

நான் வேலை பார்த்த கிளைக்கு அத்தை எப்போதாவது பணம் எடுக்க வருவார். அவர் வயதுப் பெண்கள் கட்டை விரலை மைப்பெட்டியில் ஒற்றிவிட்டு, பிறகு முந்தானையில் துடைத்துக்கொள்வார்கள். அத்தை மட்டும் பேனாவைக் கேட்டு வாங்கி, பணம் எடுக்கும் சீட்டில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுவார். ஒரே சாய்மானம், ஒரே அளவு; அச்சுக் கோத்தது போல் இருக்கும். முதல்முறை அதைப் பார்த்த எங்கள் மேலாளர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோதுதான் இந்த அம்மையாரைக் கண்டேன்.

மத்தில்டு என்பது துறவறப் பெயர். இயற்பெயர் மரி ஜஸ்டின் ராக்லோ. பிரான்ஸ் நாட்டின் கிழக்கே வோஜ் மலைப் பகுதியில் சூரியோவில் என்ற சிற்றூரில் 1814 பிப்ரவரி 9இல் பிறந்தார். நெப்போலியன் ஆட்சி ஆட்டம் கண்டிருந்த வருஷம் அது. 18 வயது வாக்கில் குழந்தை இயேசு சபையில் சேர்ந்தார். நிக்கோலா பாரே என்ற துறவி 1666இல் ரூவான் நகரத்தில் தொடங்கிய சபை அது. ஏழை வீட்டுப் பெண் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதற்காகவே பெண்களைச் சேர்த்தார் அவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது சபை கலைக்கப்பட்டு, 1806இல் மீண்டும் எழுந்தது. பாரிஸில் அதன் தலைமை வீடு இருந்த தெருவின் பெயரால் சேன் மோர் சகோதரிகள் என்றும் அவர்களை அழைப்பதுண்டு. ஏறக்குறைய 20 வருஷம் பிரான்ஸ் நாட்டுப் பள்ளிகளிலேயே மதர் மத்தில்டின் காலம் கழிந்தது. அதுவரை அவர் வாழ்க்கையில் நாம் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு நல்ல டீச்சர், அவ்வளவுதான்.

அவர் கிழக்கே வந்ததே இன்னொருவருக்குப் பதிலாகத்தான்.

சிங்கப்பூரில் அப்போது பூரெல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இருந்தார். பிடிவாதக்காரர் என்று நினைக்கிறேன். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்று பிரான்ஸ் வரை போய்க் கேட்டார். அதன்பேரில் 1851 டிசம்பரில் ஐந்து சகோதரிகள் பாய்மரக் கப்பலில் புறப்பட்டார்கள். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல்தான். அதனால் ஆப்பிரிக்காவின் அடிமுனையைச் சுற்றி நான்கு மாதப் பயணம். தலைவியாக வந்த மதர் போலின் வழியிலேயே கடலில் இறந்துபோனார். மற்ற நான்கு பேர் 1852 ஏப்ரல் 12இல் பினாங்குத் தீவில் இறங்கினார்கள். தெரியாத ஊர், தெரியாத பாஷை, வழிகாட்ட வேண்டியவர் கடலுக்குள். அவர்கள் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

செய்தி பாரிஸுக்குப் போனதும், அந்த இடத்துக்கு அனுப்பப்பட்டவர்தான் மதர் மத்தில்டு. வயது 38. இம்முறை நீண்ட கடல் வழி வேண்டாம் என்று எகிப்து வழியாக வந்தார்கள். எகிப்து வரை ஒரு கப்பல், அங்கே நிலத்தில் ஒரு பயணம், சூயஸில் மறுபடி கப்பல். 1852 அக்டோபர் 28இல் பினாங்கு வந்து சேர்ந்தார். நீங்கள் பணி மாற்றம் பார்த்தவர்கள். ஒரு கிளையில் ஏற்கெனவே இருந்தவர் திடீரென்று இல்லாமல் போக, அந்த நாற்காலியில் போய் உட்காருவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இங்கே நாற்காலியும் இல்லை.

பினாங்கு நமக்கு அந்நியமான இடம் இல்லை. தீவுக்கு எதிர்க்கரைதான் கெடா, நம் சோழர் காலத்துக் கடாரம். ராஜேந்திரன் 1025இல் கப்பல் படை அனுப்பிய அதே கரை. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னாலேயே காழகத்துச் சரக்கு பூம்புகாரில் இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. காழகம் கடாரமே என்பது உரைகாரர்கள் கருத்து. மதர் மத்தில்டு வந்த நாளில் பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில், கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டு வந்தன. 1867இல்தான் அந்தப் பிடி விட்டது. ஜார்ஜ் டவுன் சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்கா அப்போதே இருந்தது. ஆகவே அந்த அம்மையார் கரையிறங்கிய ஊரின் கடைத்தெருவில் நம் பக்கத்து ஆட்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

பினாங்கில் தட்டுத் தடுமாறிக் கொண்டிருந்த பள்ளி நிலைத்தது. 1859இல் லைட் ஸ்ட்ரீட்டில் பழைய கவர்னர் மாளிகையை வாங்கி அங்கே குடிபோனார்கள். கடலைப் பார்த்த இடம். அத்தை படித்தது அங்கேதான். வகுப்பில் உட்கார்ந்தால் கப்பல் சங்கு ஊதுவது கேட்கும் என்று சொல்வார். தென்கிழக்கு ஆசியாவில் பெண்களுக்கான மிகப் பழைய பள்ளி என்று அதைச் சொல்வார்கள்.

இனி சிங்கப்பூர். பூரெல் பாதிரியார் கன்னியர் மடத்துக்கு நிலம் கேட்டு கவர்னருக்கு எழுதினார். உங்கள் கோயிலுக்கும் பள்ளிக்கும் ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று கையை விரித்துவிட்டார்கள். பாதிரியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டு விக்டோரியா தெருவில் ஒரு வீட்டை வாங்கினார். 1840, 41இல் கோல்மன் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய வீடு. யாருக்காகக் கட்டியது தெரியுமா? கால்ட்வெல் என்று ஒரு நீதிமன்றத் தலைமை கிளார்க்குக்காக! இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி மாளாது. (நம் பழைய சக ஊழியர்கள் மன்னிக்கவும், நம்மால் அரை கிரவுண்டுக்கு மேல் முடியவில்லை.) கால்ட்வெல் ஹவுஸ் இன்றும் சைம்ஸ் வளாகத்துக்குள் இருக்கிறது. மாடியில் அரைவட்டமாகத் துருத்திக்கொண்டு நிற்கும் ஓர் அறை. சகோதரிகள் தைப்பதும் படிப்பதும் எழுதுவதும் அந்த அறையில்தான்.

1854 பிப்ரவரி 5இல் மதர் மத்தில்டும் சில சகோதரிகளும் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வந்தார்கள். அவருக்கு 40 வயது நிறைய இன்னும் நான்கு நாள். வீட்டில் சாமான் என்று பார்த்தால் பாயும் நாற்காலியும் சட்டியுமாக விரல் விட்டு எண்ணிவிடலாம். பத்தே நாளில் வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள். மாத முடிவில் இருந்த கணக்கு இது: சம்பளம் கட்டிப் படிக்கும் பிள்ளைகள் 14, விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் 9, ஆதரவற்ற குழந்தைகள் 16.

இந்த மூன்று எண்களையும் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் 39. வரவு தரக்கூடியவர்கள் 23. செலவு மட்டும் வைப்பவர்கள் 16. எந்த வங்கியும் இப்படி ஒரு நிறுவனத்துக்குக் கடன் கொடுக்காது. விண்ணப்பம் என் மேசைக்கு வந்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன். அதிலும் வரவுப் பக்கம் மெதுவாகத்தான் ஏறும். செலவுப் பக்கம் வாசலில் கூடையில் வந்துகொண்டே இருந்தது.

ஊசியும் நூலும்தான் அவர்களைக் காப்பாற்றின. பிரான்ஸ் நாட்டு லேஸ் பின்னலும் பூத்தையலும் சகோதரிகளுக்குத் தெரியும். அதைப் பெரிய பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்து, மேசை விரிப்பு, கைக்குட்டை, குழந்தைச் சட்டை என்று தைத்து விற்றார்கள். வெள்ளைக்காரர் வீடுகளில் கான்வென்ட் தையலுக்கு நல்ல பெயர் இருந்தது. நன்கொடையும் வந்தது. ஆனால் நன்கொடையை நம்பி மாதக் கணக்கு எழுத முடியுமா? நம் சங்கத்தின் பொருளாளரைக் கேளுங்கள்.

அந்தச் சின்னக் கதவுக்கு வருகிறேன். அங்கே வைத்துவிட்டுப் போனது பெரும்பாலும் பெண் குழந்தைகளை. வறுமை ஒரு காரணம். நோய் ஒரு காரணம். சீனர்களில் புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கை இன்னொரு காரணம். துணியில் சுற்றியும் கூடையில் வைத்தும் கதவருகே விட்டுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் போய்விடுவார்கள். பல குழந்தைகள் சாகும் தறுவாயில் வந்தன. எடுத்துக் குளிப்பாட்டிப் பெயர் வைத்து ஓரிரண்டு நாளில் புதைக்க வேண்டியும் வந்தது. பிழைத்தவை அங்கேயே வளர்ந்தன. சீனக் குழந்தை, மலாய்க் குழந்தை, இந்தியக் குழந்தை, கலப்பினக் குழந்தை என்ற பேதம் கதவுக்கு இல்லை.

புலி ஆண்டா, என்ன மூடநம்பிக்கை என்று நினைக்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். மூல நட்சத்திரப் பெண்ணுக்கு வரன் தேடிய அனுபவம் நம் குடியிருப்பிலேயே சிலருக்கு இருக்கும். 1992இல் தமிழ்நாட்டு அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது எதற்காக? பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், நாங்கள் வளர்க்கிறோம் என்று அரசாங்கமே சொல்ல வேண்டி வந்தது. முதலில் சேலத்தில் தொடங்கினார்கள். விக்டோரியா தெருக் கதவுக்கும் அந்தத் தொட்டிலுக்கும் நடுவே ஏறக்குறைய 140 வருஷம்.

பூம்புகார்க்காரனுக்கு இங்கே மணிமேகலை நினைவு வராமல் போகாது. ஆபுத்திரன் கதை நீங்கள் பள்ளியில் படித்ததுதான். பெற்றவள் தோட்டத்தில் போட்டுவிட்டுப் போன குழந்தை; ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்துக் காத்தது. பிறகு ஒருவர் எடுத்து வளர்த்தார். வளர்ந்த அவன் கையில்தான் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி வந்தது. கடைசியில் மணிபல்லவத் தீவில் உயிர் விட்டு, மறுபிறவியில் சாவகத்தில், அதாவது ஜாவா பக்கம், அரசனாகப் பிறந்தான். அந்தப் பாத்திரத்தை அதே தீவில் பெற்றுவந்து பசித்தவர்களுக்குச் சோறு போட்டவள் மணிமேகலை, அவளும் துறவி. மதர் மத்தில்டு இந்தக் கதையைக் கேட்டிருக்க வழியில்லை. கேட்டிருந்தால் அமுதசுரபி எங்கே கிடைக்கும் என்றுதான் முதலில் விசாரித்திருப்பார்.

எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. சம்பளம் கட்டுகிற பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு, அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு என்றுதான் பள்ளி தொடங்கியது. ஒரு பக்கம் பாடம் அதிகம், இன்னொரு பக்கம் தையல் அதிகம். ஒரே மதிலுக்குள் இரண்டு வரிசை. வந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராகவே வளர்த்தார்கள். பிறந்த வீட்டுத் தெய்வம் எது என்று அந்தக் குழந்தைகள் பிறகு தெரிந்துகொள்ள வழியில்லாமல் போயிற்று. பெரியவர்களானதும் பலருக்கு மடமே மாப்பிள்ளை பார்த்தது. இவற்றையெல்லாம் இன்று ஒருவர் குறை சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் கதவுக்கு வெளியே இருந்தவர்கள் அந்தக் குழந்தைகளுக்கு வேறு என்ன வைத்திருந்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சம்பளம் கட்டியவர்கள் பணத்தில்தான் கட்டாதவர்கள் சாப்பிட்டார்கள். இரண்டு வரிசை வைத்ததால்தான் இரண்டாவது வரிசைக்குச் சோறு கிடைத்தது என்பது என் கணக்கு. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

1860இல் மலாக்காவிலும் கான்வென்ட் வந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் வேரூன்றிவிட்டன. சிங்கப்பூர் வந்து 18 வருஷம் ஆகியிருந்தது. அம்மையாருக்கு 58 வயது. நம் மாநில அரசு ஊழியர்கள் வெகு காலம் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன வயது. அவர் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார்.

1872 ஜூன் 28இல் நான்கு சகோதரிகளோடு யோகோஹாமாவில் இறங்கினார். ஜப்பானில் கால் வைத்த முதல் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் அவர்கள்தாம். அப்போது அங்கே கிறித்தவ மதத்துக்குத் தடை. தடையை அறிவிக்கும் பலகைகள் ஊர் ஊராக நின்றன. அவற்றை எடுத்தது மறு வருஷம், 1873இல். பலகை இருக்கும்போதே இவர் பள்ளியைத் தொடங்கிவிட்டார். அந்த சேன் மோர் பள்ளி இன்றும் யோகோஹாமாவில் நடக்கிறது. ஆசியாவின் மிகப் பழைய சர்வதேசப் பள்ளி என்ற பெயர் அதற்கு உண்டு. பள்ளியோடு அநாதை விடுதியும் வைத்தார். சிங்கப்பூர்க் கணக்கே மறுபடியும். 1900இல் யோகோஹாமாவில் ஜப்பானியப் பெண்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கியது. அது பிற்காலத்தில் ஃபுதாபா என்ற பெயரில் புகழ் பெற்றது. 58 வயதில் புதிதாக ஒரு பாஷையைக் கற்கத் தொடங்கியவர் இவர். கைப்பேசியில் மின்கட்டணம் கட்டக் கற்பதற்கு நான் எடுத்துக்கொண்ட காலத்தை என் மனைவி உங்களுக்குச் சொல்வாள்.

ஜப்பானில் மட்டும் 38 வருஷத்துக்கு மேல். 1911 ஜனவரி 20இல் யோகோஹாமாவில் காலமானார். 97 வயது நிறைய 20 நாள் குறைவு. அவர் சிங்கப்பூரில் பாய் விரித்துப் படுத்த வளாகத்தில், நெய்ன் என்ற பாதிரியார் வரைந்து கொடுத்தபடி, நீங்கள் இன்று படம் எடுக்கும் அந்தத் தேவாலயம் எழுந்தது 1904இல். அப்போது மதர் மத்தில்டு யோகோஹாமாவில் 90 வயதுக் கிழவி.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யோகோஹாமா மடமும் பள்ளியும் 1923 பூகம்பத்தில் இடிந்து, மறுபடி எழுந்தன. பினாங்குப் பள்ளியை யுத்தத்தில் ஜப்பானியர் பிடித்துக்கொண்டார்கள். 1943இல் கிரெனடியர் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலின் மாலுமிகளை அங்கே அடைத்துவைத்தார்கள். அவர்கள் சுவரில் கீறிவைத்த பெயர்கள் அழியாமல் காக்கப்பட்டன. அத்தை உட்கார்ந்து ஏ, பி, சி எழுதிய கட்டடம் சிறைச்சாலையாக இருந்திருக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளி 1983இல் விக்டோரியா தெருவை விட்டு தோ பாயோவுக்கு மாறியது. நகரத்தில் அவ்வளவு விலையுள்ள நிலத்தில் பள்ளியா என்ற கேள்வி எந்த ஊரிலும் வரும்தானே. 1990இல் தேவாலயத்தையும் கால்ட்வெல் ஹவுஸையும் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவித்தார்கள். பிறகு பழுது பார்த்து, கடைகளும் கல்யாண மண்டபமுமாகத் திறந்தார்கள். பழைய மாணவிகள் சிலருக்கு இதில் வருத்தம். ஜெபம் சொன்ன இடத்தில் பீர் விற்கிறார்களே என்று. நியாயமான வருத்தம்தான். இடிக்காமல் விட்டார்களே என்பது என் ஆறுதல். நம் ஊரில் இடித்தவற்றின் பட்டியலை எழுத ஆரம்பித்தால் இந்த இதழ் போதாது.

அத்தைக்கு ஒரு ஆசை இருந்தது. பினாங்குக்கு ஒருமுறை போய் அந்தப் பள்ளியைப் பார்க்க வேண்டும். பெரிதாகக் கேட்டதில்லை, தீபாவளிக்குப் போகும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்வார். நானும் ஓய்வு பெற்றதும் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி வந்தேன். பாஸ்போர்ட் விண்ணப்பம் கூட வாங்கி வைத்தேன். அது என் மேசை இழுப்பறையில் பல வருஷம் கிடந்தது. பிள்ளை படிப்பு, வீட்டுக் கடன், பணி மாற்றம் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் அத்தை போய்விட்டார். மற்றவர்களுக்கு எத்தனையோ விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து கொடுத்தவன் நான்.

மகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு நானும் மனைவியும் போனோம். ஒரு நாள் மத்தியானம் தனியாக விக்டோரியா தெருவுக்கு நடந்தேன். அந்தக் கதவு மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்புப் பலகை. சீனப் பெண் ஒருத்தி கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அந்த வழியாகப் போனாள். வெயில் நம் ஊர்ச் சித்திரை வெயில் மாதிரி. கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே போய்க் கால்ட்வெல் ஹவுஸின் அரைவட்ட அறையைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தேன். ஜன்னல்கள் நிறைய. தைப்பதற்கு நல்ல வெளிச்சம் வந்திருக்கும்.

பினாங்குக்கு அந்தப் பயணத்தில் போக முடியவில்லை. மகளிடம் அடுத்த முறை என்று சொல்லியிருக்கிறேன். இம்முறை டிக்கெட் போட்டாயிற்று, வருகிற மாசி மாதம்.

அத்தை கான்வென்டில் கற்ற தையலில் போட்ட மேசை விரிப்பு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. வெள்ளைத் துணி, ஓரம் முழுக்க லேஸ், நான்கு மூலையிலும் பூ. அறுப்பு முடிந்து வேலை இல்லாத நாட்களில் உட்கார்ந்து போட்டது. முடிக்க மூன்று வருஷம் ஆனதாம். ஒரு மூலையில் பூவுக்குப் பதிலாகச் சின்னதாக ஒரு கப்பல் இருக்கும். பார்க்க விரும்புகிறவர்கள் பி பிளாக், மூன்றாவது மாடிக்கு வாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.